ஆமைக்கு எந்த இலை ஆகாது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலை, நிலாவெளிப் பக்கம். நேற்று மழை விட்ட கையோட வளவுக்குள்ள ஒரு நட்சத்திர ஆமை வந்திட்டுது. ஓட்டில ஒரு ஓரம் வெடிச்சிருக்கு. இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம், வீட்டில வளக்கேலாது எண்டு தெரியும். வனஜீவராசிகள் ஆக்களுக்கு உடனேயே அறிவிச்சிட்டம், நாளைக்கு வந்து எடுக்கிறம் எண்டவை.

பிரச்சினை அதுவரைக்கும் சாப்பாடுதான். செவ்வரத்தம்பூ போட்டன். கழுத்தை நீட்டி, கண்ணை ஒருக்கா மூடித் திறந்து, இதழை இழுத்து இழுத்துத் திண்டுது. வாயோரமெல்லாம் சிவப்பு. ஆனா வேலியோரம் மஞ்சள் அலரி நிக்குது, கீழ முழுக்கப் பூ. அதின்ர விதை மனுசற்ற இதயத்தையே நிப்பாட்டும், ஆமை எம்மாத்திரம்! கூட்டி அள்ளிப்போட்டு, பழைய கதவுப் பலகையால அந்தப் பக்கத்தை மறிச்சிட்டன். எருக்கலையும் ஆமணக்கும் ஆகாது எண்டு தெரியும். விறாந்தைச் சாடியில இருந்த டிஃபன்பாக்கியாவையும் உள்ளுக்கு எடுத்தாச்சு, கடிச்சா வாய் வீங்கிப்போகும்.

இப்ப கேள்வி: பட்டிப்பூவும் குரோட்டனும் நிலத்தில நிக்குது, பிடுங்கத்தான் வேணுமோ? அம்மா பசளி குடு எண்டு நிக்கிறா. அதில ஒக்சலேற்று கூட, கல்சியத்தைப் பிடிச்சு வைக்கும் எண்டு நான் விடேல்ல. ஒரு நாளைக்கு ஒண்டும் செய்யாதோ? முருங்கையிலை குடுக்கலாமோ?

இன்னொண்டு, நான் காணமுதல் அலரிப்பூ திண்டிருந்தா என்னென்ன குணம் காட்டும்? மிருக வைத்தியர் ஆரும் குழுவில இருந்தா தயவுசெய்து இண்டைக்கே பதில் போடுங்கோ.