பனிக்கட்டி என்றால் வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்?

எட்டாம் வகுப்பு ஆசிரியை:
வால்மீன் ஓர் 'அழுக்குப் பனிப்பந்து' என்று வகுப்பில் சொல்லிவிட்டு, ரோசெட்டா விண்கலம் எடுத்த 67பி வால்மீனின் படத்தைக் காட்டினேன். முன்வரிசைச் சிறுமி எழுந்து, "டீச்சர், இது பாறை மாதிரி இருக்கிறதே, பனி எங்கே?" என்றாள். நாளைக்குச் சொல்வதாக வந்துவிட்டேன். என்ன சொல்லட்டும்?

உமிமூட்டை:
அந்தப் பிள்ளையின் கண் கூர்மையானது. படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிவதே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுவதால்தான். உண்மையில் அது கரிபோலக் கறுப்பு. விழும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்குதான் திரும்புகிறது. 1986இல் ஜியோட்டோ விண்கலம் பார்த்த ஹாலி வால்மீன் இன்னும் கறுப்பு, 4 பங்கு.

என் அப்பா ஐஸ் கடை வைத்திருந்தார். உமிக்குள் புதைத்த கட்டி சாயங்காலம்வரை நிற்கும். மேலே பார்த்தால் உமிதான் தெரியும். வால்மீனும் அப்படித்தான். சூரியனை நெருங்கும்போது மேலடுக்குப் பனி உருகாமல் நேரே ஆவியாகிவிடும். கார்பன் சேர்மங்கள் கலந்த தூசி தங்கிப்போய், அடியில் உள்ள பனிக்குப் போர்வையாகிறது.

சாட்சியும் உண்டு. 2015 ஜூலையில் 67பியில் 'அஸ்வான்' என்று பெயரிட்டிருந்த செங்குத்துச் சரிவு இடிந்தது. உள்ளே பளிச்சென்று நீர்ப்பனி! சுற்றுப்புறத்தைவிட ஆறு மடங்காவது பிரகாசம். இடிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருக்கின்றன, அவளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

வேதியியல் மாணவன்:
நீர்ப்பனி மட்டுமில்லை. உறைந்த கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. அம்மோனியாவும், அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும்கூட 67பியிலிருந்து வந்த வாயுவில் இருந்தன. 'அழுக்குப் பனிப்பந்து' என்பது ஃபிரெட் விப்பிள் 1950இல் முன்வைத்த கருத்துக்கு வந்த பெயர். 67பியைப் பார்த்தபின் 'பனி கலந்த தூசிப்பந்து' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உமிமூட்டை:
தம்பி, பந்து என்றதும் பிள்ளைகள் கெட்டியாக நினைத்துவிடுவார்கள். 67பியில் 70 விழுக்காட்டுக்கு மேல் வெற்றிடம். அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய பாதி.

எட்டாம் வகுப்பு ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. மீன் சந்தையில் பனிக்கட்டி சொல்லி வைத்திருக்கிறேன், உமி அரிசி ஆலையில் கிடைக்கும். ஒரு கட்டியை மூடி, ஒன்றைத் திறந்து வெயிலில் வைக்கப்போகிறேன். உமி எத்தனை விரற்கடை வேண்டும் ஐயா?

உமிமூட்டை:
நாலு விரற்கடை. ஈர உமி வேண்டாம். கட்டியின் அடியிலும் பரப்புங்கள், அப்பா முதலில் அதைத்தான் செய்வார்.