புதுப்பிப்பு: காலி ஹோட்டல் அறைகளும் அவற்றைத் துடைக்கும் பெண்களும்

வீட்டு வன்முறையிலிருந்து தப்பிவரும் பெண்களுக்குக் காலி ஹோட்டல் அறைகளைத் திறக்க வேண்டும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கின்போது, பிரான்ஸ் அரசு 20,000 இரவுகளுக்கான செலவை ஏற்பதாக அறிவித்ததையும் சொல்லியிருந்தேன். "அங்கே வேலை செய்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு?" என்று ஒருவர் கேட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை.

பாரிஸின் பத்தின்யோல் பகுதி ஹோட்டலொன்றில் அறைகளைச் சுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண்கள், 2019 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். உடன்பாடு வந்தது 2021 மே மாதத்தில்! அவர்கள் முதுகில் இன்னொரு சுமையை ஏற்றலாகாது.

ஆகவே என் கோரிக்கையைத் திருத்துகிறேன். முகக்கவசம், நோயுற்றால் சம்பளத்துடன் விடுப்பு, மனைவியைத் தேடி வந்து மிரட்டுபவனை எதிர்கொள்ள இரவுக் காவல் எல்லாம் அரசு தரும் அறை வாடகையோடு சேர்ந்தே வர வேண்டும்.