தொழிற்கல்லூரியின் கெட்ட பெயர்: குறை பார்வையிலா, பாடத்திலா?

தராசு:
மதிப்பெண் வராதவர்கள் ஒதுங்கும் இடம் என்றுதான் தொழிற்கல்லூரிகளைப் பலரும் இன்னும் பார்க்கிறார்கள். முதலில் மாற வேண்டியது இந்தப் பார்வை என்பது என் கட்சி. சிங்கப்பூரைப் பாருங்கள். பழைய தொழிற்பயிற்சி வாரியம் போய், 1992-இல் ஐ.டி.இ. எனப்படும் தொழில்நுட்பக் கல்விக் கழகம் வந்தது. அந்த மூன்றெழுத்தையே "இட்ஸ் தி எண்ட்", அதாவது கதை முடிந்தது என்று விரித்துக் கேலி பேசினார்கள். கழகம் சளைக்கவில்லை. சிறு சிறு நிலையங்களை மூன்று பெரிய கல்லூரிகளாக்கி, தன் பெயரை உயர்த்தத் தொடர்ந்து உழைத்தது. 2007-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வழியாக அதற்கு ஒரு பன்னாட்டு விருதே கிடைத்தது. கெட்ட பெயர் மாறினால் நல்ல மாணவர்கள் வருவார்கள், பாடமும் தானே உயரும்.

உளி:
நான் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவன். நீங்கள் சொன்ன கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அங்கே பயிற்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் செய்முறை. பட்டறை சரியாக இருந்ததால்தான் விளம்பரம் எடுபட்டது.

பட்டறையை விட்டுவிட்டு விளம்பரத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. இலாப நோக்கில் நடந்த 30 கல்லூரி நிறுவனங்களின் 2009 நிதியாண்டுக் கணக்கை ஆராய்ந்து, செனட் குழு 2012-இல் அறிக்கை வெளியிட்டது. வருமானத்தில் 22.7 சதவீதம் விளம்பரத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும். கற்பித்தலுக்கு 17.2 சதவீதம். அதே வழியில் போன கொரிந்தியன் கல்லூரிகள் 2015-இல் மூடப்பட்டன. அங்கே படித்த சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு 2022-இல் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு மக்கள் சந்தேகப்பட்டால் அதைத் தவறான பார்வை என்று எப்படிச் சொல்வது?

பழைய மாணவி:
உளி அண்ணா சொல்றதை நான் அனுபவிச்சிருக்கேன். மருத்துவ ஆய்வகப் படிப்பு படிச்சேன், எந்தக் கல்லூரின்னு வேண்டாம். ரத்தம் எடுக்கப் பழக, வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே ஒரு ரப்பர் கை. எந்தக் குழாயில முதல்ல எடுக்கணும், எதை அடுத்துன்னு ஒரு வரிசை இருக்கு. "மனப்பாடம் பண்ணுங்க"ன்னாங்க, பண்ணோம். ஏன்னு யாரும் சொல்லல. வேலைக்குப் போனப்புறம்தான் மூத்த அக்கா ஒருத்தங்க சொன்னாங்க: ஊதா மூடிக் குழாயில இருக்கிற மருந்து அடுத்த குழாய்ல துளி கலந்தாலும் பொட்டாசியம் அளவு பொய்யா ஏறிக் காட்டும், அதை நம்பி மருத்துவர் தப்பான சிகிச்சை கொடுத்துடலாம். ரெண்டு நிமிஷ விளக்கம்தான். அதுக்கப்புறம் அந்த வரிசை எனக்கு மறக்கவே இல்ல.

அந்த அக்காகிட்ட வேலைக்குச் சேரும் முன்னாடி சில மாசம் செல்போன் கடையில நின்னேன். அதையும் "வேலைவாய்ப்பு பெற்றவர்" கணக்குல கல்லூரி சேர்த்துக்கிச்சு. அதுதான் இன்னும் வலிக்குது.

தராசு:
அம்மா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பாடம் நன்றாக இருந்தாலும் பெற்றோர் தயங்குவார்கள். இதற்குப் பிறகு மேலே படிக்க முடியாது என்ற பயம் அது. சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொழிற்பயிற்சி வழியில் போகிறார்கள். 1990-களில் அவர்கள் கொண்டுவந்த தொழில்சார் மேல்நிலைச் சான்றிதழ் இருந்தால் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் சேரலாம். அப்படிக் கதவு திறந்திருக்கும் இடத்தில் மதிப்பும் நிற்கிறது.

உளி:
கதவு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவுவரை மாணவனைக் கூட்டிப்போகிறவர் யார்? இருபது வருடம் களத்தில் நின்றவரைத் திங்கட்கிழமை வேலைக்கு எடுத்து, செவ்வாய்க்கிழமை வகுப்பில் நிறுத்துகிறார்கள். மாணவனின் வெல்டிங் ஓரத்தில் பள்ளம் விழுந்தால், "தப்பு, மறுபடி போடு" என்பார். மின்னோட்டம் கூடியதா, ஆர்க் எனும் மின்பொறி நீண்டதா, கோணம் பிசகியதா, கை வேகமாக நகர்ந்ததா என்று அவர் பிரித்துச் சொல்வதில்லை. அவர் கைக்கு எல்லாம் தெரியும், வாய்க்கு வராது. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஜெர்மனியில் கைத்தொழில் மைஸ்டர், அதாவது தலைமைக் கைவினைஞர் ஆவதற்கான தேர்வு நான்கு பகுதி. நான்காவது பகுதி முழுக்கவும் அடுத்தவருக்குப் பயிற்சி தருவது பற்றியது. தொழில் தெரிவது வேறு, சொல்லித்தருவது வேறு என்று அங்கே சட்டமே பிரித்து வைத்திருக்கிறது.

வரவுசெலவு:
ஒரு தொழிற்கல்லூரியின் நிர்வாகத்தில் இருக்கிறேன். இருவரும் சுலபமாகப் பேசுகிறீர்கள். நல்ல மின்பணியாளருக்கு வெளியே கிடைக்கும் வருமானத்தை எங்களால் கொடுக்க முடியாது. கற்பித்தல் சான்றிதழும் வேண்டும் என்றால் ஒருவரும் வரமாட்டார். வேலைவாய்ப்பு விகிதத்தை மட்டும் வைத்துக் கல்லூரியை எடைபோட்டால் இன்னொரு கேடும் உண்டு: தடுமாறக்கூடிய மாணவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களைப் போன்ற இடம் இருப்பதே அவர்களுக்காகத்தான்.

உளி:
சார், முன்கூட்டியே சான்றிதழ் கேட்கச் சொல்லவில்லை. சேர்ந்த பிறகு, சம்பளத்தோடு கற்றுக்கொள்ள விடுங்கள். முதல் ஆறு வாரம் பாதி வகுப்பு போதும். மீதி நேரம் இன்னொருவர் வகுப்பில் உட்கார்ந்து, மாணவன் எந்த இடத்தில் திணறுகிறான் என்று குறித்துக்கொள்ளட்டும். என்னைத் திருத்தியது பக்கத்துப் பட்டறைக்காரர் அப்படி உட்கார்ந்து எழுதித் தந்த ஒரு பக்கம்தான்.

பழைய மாணவி:
விகிதம் ஒண்ணு மட்டும் போடாதீங்க சார். எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் பாதியில நின்னாங்க, படிச்ச வேலையிலேயே எத்தனை பேர் இருக்காங்க, மூணையும் போடுங்க. யாரைச் சேர்த்தீங்கங்கிறதையும் சேர்த்துச் சொன்னா, தடுமாறுற பிள்ளைங்களை எடுத்ததுக்காக உங்களை யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

வரவுசெலவு:
ஆறு வார யோசனையை அடுத்த பருவத்தில் புதிதாக வரும் இருவருக்குச் செய்துபார்க்கக் கேட்கிறேன். அது என் கைக்குள் இருக்கிறது. எண்களை வெளியிட மேலிடம் சம்மதிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பழைய மாணவி:
அப்படின்னா அதை முதல்ல கேளுங்க சார்.