'ஆசிரியர் என் மீது தனிப்பட்ட அக்கறை காட்டுகிறார்': வகுப்பறைச் சூழல் வினாநிரலைத் தமிழாக்கியவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: கல்வியியல் கல்லூரி ஆசிரியை, மதுரை மாவட்டம்

வகுப்பறைக் கற்றல் சூழலை அளக்கும் வினாநிரல் ஒன்றைத் தமிழாக்கி, அதை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சரிபார்க்கும் வேலையில் என் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. இதே வேலையைச் செய்தவர்களும் இனிமேல் செய்யப் போகிறவர்களும் இங்கே இருப்பதால் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது 'இந்த வகுப்பில் என்ன நடக்கிறது?' என்னும் வினாநிரல். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆய்வாளர்கள் 'விஹிக்' என்பார்கள். பாரி ஃபிரேசர், டாரல் ஃபிஷர், கேம்பல் மெக்ராபி ஆகிய மூவரும் 1996-இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கியது. 90 கூற்றுகளில் தொடங்கிப் பலமுறை சலிக்கப்பட்டு, இன்று பரவலாகப் புழங்கும் வடிவத்தில் 56 கூற்றுகள் உள்ளன. மாணவர் நட்பு, ஆசிரியர் ஆதரவு, ஈடுபாடு, ஆராய்ந்தறிதல், வேலையில் கவனம், ஒத்துழைப்பு, சமநடத்தை என்ற ஏழு கூறுகளுக்கும் தலா எட்டுக் கூற்றுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு தடவை நடக்கிறது என்று மாணவர் ஐந்து நிலைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

முறைப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். நான் தமிழாக்கினேன், ஆங்கில மூலத்தைப் பார்த்திராத ஒருவர் என் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கினார், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விளக்கி எழுதிய காலம் முதல் இந்தத் துறையில் எல்லோரும் போகும் பாதைதான் இது. திரும்பி வந்த ஆங்கிலம் மூலத்தோடு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பொருந்தியதைக் கண்டு என் நெறியாளர் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் வெள்ளோட்டம் ஓர் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் நடந்தது. தாள்களைக் கொடுத்துச் சில நிமிடங்கள் ஆவதற்குள் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. தலைப்பில் இருக்கும் கூற்றைத்தான் அவர்கள் படித்திருந்தார்கள். மூலத்தில் அது ஆசிரியர் ஆதரவு என்னும் கூற்றுத் தொகுதியில் வரும் மிகச் சாதாரணமான வாக்கியம். தமிழில், பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளின் காதில், 'தனிப்பட்ட அக்கறை' என்பது வேறு ஏதோ ஒன்றாக விழுந்திருக்கிறது. அறிவியல் பாடம் எடுப்பவர் ஓர் ஆண் ஆசிரியர். ஒரு மாணவி என்னை அருகில் அழைத்து, "மிஸ், இதுக்கு ஆமான்னு போட்டா சாருக்குப் பிரச்சினை வருமா?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. பெரும்பாலோர் அந்தக் கூற்றுக்கு மிகக் குறைந்த நிலையைக் குறித்திருந்தார்கள். அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர், அந்த ஆசிரியர் மாணவியரைக் கண்டுகொள்ளாதவர் என்றே எழுதியிருப்பார். உண்மையில், ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விசாரித்து அனுப்புகிறவர் அவர்.

மறுமொழிபெயர்ப்பு ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று பிறகு பலநாள் யோசித்தேன். அதைச் செய்தவர் இரு மொழியும் அறிந்தவர். 'தனிப்பட்ட அக்கறை' என்பதைக் கண்டதுமே அதன் பின்னால் நிற்கும் ஆங்கிலத் தொடர் அவருக்குத் தெரிந்துவிட்டது. என் தமிழ் எவ்வளவுக்கு ஆங்கிலமாக இருந்ததோ அவ்வளவுக்கு அது பிசகாமல் திரும்பியது. நாங்கள் பாராட்டிக்கொண்டது அந்தக் குறையைத்தான்.

அதன் பிறகு அடுத்த பள்ளியில் பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் படித்து அவர்கள் சொற்களில் விளக்கச் சொன்னேன். 'ஆசிரியர் என்னுடன் பேசுவதற்காக வகுப்பில் நடந்து வருகிறார்' என்பதற்கு ஒரு பையன் சொன்ன விளக்கம்: "நம்ம பெஞ்சுக்கு வந்தா நோட்டு முடிக்கலன்னு அர்த்தம் மிஸ்." ஆக, ஆதரவுக்கான கூற்று அவனுக்குக் கண்காணிப்பைச் சொன்னது. 'ஆய்வு செய்கிறேன்' என்று நான் எழுதியிருந்ததைப் பலர் மாவட்டக் கல்வி அலுவலர் வரும் நாளோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஆய்வு என்பது வெள்ளையடித்து, கரும்பலகையில் வருகைப் பதிவு எழுதி வைக்கும் நாள். 'இந்த வகுப்பில்' என்பதையும் அறிவியல் பாடவேளை என்று எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஒன்பது 'ஆ' பிரிவு முழுவதையும் நினைத்து, வகுப்பாசிரியரை மனத்தில் வைத்துப் பலர் பதில் குறித்திருந்தார்கள். அவர் எடுப்பது தமிழ்ப் பாடம்.

மறுமொழி: ஆசிரியப் பயிற்றுநர், வவுனியா

அம்மா, நீங்கள் தமிழுக்குள் கொண்டுவருவதில் பட்ட சிரமத்தை வாசித்தேன். தமிழிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதிலும் சிரமம் உண்டு என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் தமிழ்நாட்டு ஆய்வாளர் ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு எங்களிடம் கிடைத்தது. மொழி ஒன்றுதானே, மீண்டும் ஒருமுறை மொழிபெயர்ப்பது வீண் வேலை என்று எண்ணித் தரம் 9 பிள்ளைகளிடம் அந்த வினாக்கொத்தை அப்படியே கொடுத்துவிட்டேன். 'என் எண்ணங்களைச் சரிபார்க்கச் சோதனைகள் செய்கிறேன்' என்று ஒரு கூற்று இருந்தது. உங்கள் பிள்ளைகளுக்குச் சோதனை என்பது அறிவியல் கூடத்தில் செய்வது. எங்கள் பிள்ளைகளுக்குச் 'சோதினை' என்பது தவணை முடிவில் எழுதுவது. கூடத்தில் செய்வதைப் பரிசோதனை என்போம். ஆராய்ந்தறிதலை அளக்க வந்த கூற்றுப் பரீட்சையை அளந்துகொண்டிருந்தது. "சோதினைய நாங்க செய்யிறேல்லயே ரீச்சர், எழுதுறதெல்லோ" என்று ஒரு பிள்ளை எனக்கு இலக்கணமே திருத்தினாள். 'தேர்வு' என்றிருந்த இடத்தில் சிலர் தெரிவு செய்தல் என்று விளங்கிக்கொண்டார்கள். அம்பாறை மாவட்டத்தில் கற்பிக்கும் என் சிநேகிதி, 'பள்ளி' என்ற சொல்லைப் பாடசாலை என்று மாற்றிய பின்னரே தன் மாணவர்களிடம் கொடுத்தார். அவர்களுடைய ஊரில் பள்ளி என்றால் பள்ளிவாசல்.

இன்னொரு விடயம் பதில் நிலைகளைப் பற்றியது. ஐந்து நிலைகளையும் துண்டுக் கடதாசிகளில் எழுதிக் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொன்னேன். 'அடிக்கடி'யையும் 'பெரும்பாலும்' என்பதையும் கணிசமான பிள்ளைகள் இடம் மாற்றி வைத்தார்கள். அதைவிட முக்கியமானது, 'அடிக்கடி' நமது பேச்சில் முறைப்பாட்டோடு வருகின்ற சொல். அடிக்கடி காய்ச்சல் வரும், அடிக்கடி கரண்ட் போகும், அடிக்கடி பாடசாலைக்கு வராமல் நிற்பான். ஆசிரியர் அடிக்கடி உதவுகிறார் என்று குறிப்பது, தான் அடிக்கடி பிழை விடுகிறவள் என்று ஒத்துக்கொள்வது போல ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் அவள் 'சில வேளைகளில்' என்பதோடு நின்றுவிட்டாள்.

மறுமொழி: புள்ளியியல் விரிவுரையாளர், கோயம்புத்தூர்

உங்கள் இருவரின் தரவும் என் மேசைக்கு வந்திருந்தால் நான் நற்சான்று கொடுத்து அனுப்பியிருப்பேன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கூறின் எட்டுக் கூற்றுகளும் ஒன்றோடொன்று இசைந்து போகின்றனவா என்று பார்க்க 1951-இல் குரோன்பாக் எழுதிய ஆல்ஃபா என்னும் எண்ணைத்தான் எல்லோரும் கணக்கிடுகிறோம். எட்டையும் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறாகப் புரிந்துகொண்டாலும் ஆல்ஃபா உயர்வாகவே வரும். விஹிக்கில் எல்லாக் கூற்றுகளும் நேர்மறையானவை. ஒரே கூறைச் சேர்ந்தவை அடுத்தடுத்து வருகின்றன. கடைசி மணி அடிப்பதற்கு முன் முடிக்க வேண்டுமென்று ஒரு பையன் நான்காம் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டுப் போனாலும், சில பேர் அப்படி நான்கிலும் சில பேர் இரண்டிலும் இழுத்தால், என் கணினி அதை அருமையான உள்ளிசைவு என்று அறிவிக்கும். ஒருமுறை தாள்களைக் கையால் புரட்டிப் பார்த்தபோதுதான், ஒரு முழு வகுப்பும் ஒரே கட்டத்தை நிரப்பியிருப்பதைக் கண்டேன். விசாரித்ததில், தலைமையாசிரியர் அறைக்குள்ளேயே நின்றிருந்தாராம்.

நாடுகளை ஒப்பிடுவது இன்னும் சிக்கலானது. ஒரு கடையின் தராசு வெறும் தட்டிலேயே 50 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்குள் எது கனம், எது லேசு என்பதை அந்தத் தராசு சரியாகவே சொல்லும். பக்கத்துக் கடைச் சரக்கோடு ஒப்பிட்டால்தான் பொய் சொல்லும். கூற்றுகள் இரு நாடுகளிலும் அதே ஏழு கூறுகளாகப் பிரிகின்றன என்று காட்டுவது முதல் படி. ஒவ்வொரு கூற்றும் தன் கூறோடு அதே அளவுக்கு இணைந்திருக்கிறது என்பது இரண்டாவது. தராசின் முள் இரண்டு இடத்திலும் ஒரே புள்ளியில் தொடங்குகிறது என்பது மூன்றாவது. அந்த மூன்றாவதைத் தாண்டாமல் நாடுகளின் சராசரிகளை ஒப்பிடக் கூடாது. ஜெஃப்ரி டார்மன் 2003-இல் 3,980 மாணவர்களைக் கொண்டு ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா மூன்றிலும் ஏழு கூறுகளின் அமைப்பு நிலைப்பதைக் காட்டினார். நல்ல ஆய்வு. ஆனால் மூன்றும் பெரும்பாலும் ஆங்கிலம் புழங்கும் நாடுகள். சிரிப்பு எழுந்த பின்வரிசை அங்கே இல்லை.

எனக்குப் பிடித்தது 1999-இல் ஜில் ஆல்டிரிட்ஜ், பாரி ஃபிரேசர், ஹுவாங் ஆகியோர் வெளியிட்ட தைவான்–ஆஸ்திரேலிய ஆய்வு. ஆஸ்திரேலியாவில் 50 வகுப்புகளில் 1,081 மாணவர்கள், தைவானில் 50 வகுப்புகளில் 1,879 மாணவர்கள். வகுப்பறைச் சூழலைப் பற்றி ஆஸ்திரேலிய மாணவர்கள் கூடுதல் சாதகமாகக் குறித்திருந்தார்கள். அறிவியல் பாடத்தின் மீது கூடுதல் விருப்பம் காட்டியவர்களோ தைவான் மாணவர்கள். இந்த முரணை எண்களுக்குள்ளேயே வைத்து மழுப்பாமல், அவர்கள் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள்; மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசினார்கள். வினாநிரல் எதை நல்ல வகுப்பு என்று கருதுகிறதோ அதையே எல்லா ஊரும் நல்ல வகுப்பு என்று கருத வேண்டியதில்லை என்ற கேள்விக்கு அவர்கள் வந்து சேர்ந்தது அப்படித்தான். விஹிக்கை இந்தியாவுக்குக் கொண்டுவரும் பலர் இந்த ஆய்வின் அட்டவணைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றப் பக்கங்களை விட்டுவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

ஒரே நாட்டுக்குள்ளும் இந்தக் கவனம் தேவை. ஜம்முவில் ரேகா கவுலும் டாரல் ஃபிஷரும் ஏழு தனியார் பள்ளிகளின் 31 வகுப்புகளில் 1,021 மாணவர்களிடம் இதைப் பயன்படுத்தி, காஷ்மீரி, டோக்ரி, பஞ்சாபி, இந்தி பேசும் பின்னணிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அதே பள்ளிகளின் மாணவர்களிடையே சூழலைப் பற்றிய பார்வை வேறுபட்டிருந்தது.

மறுமொழி: பட்டதாரி ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி

நான் ஆய்வாளன் அல்லன். என் வகுப்பில் இப்படிப்பட்ட தாள்களை மூன்று பேர் வந்து நிரப்பி வாங்கிப் போயிருக்கிறார்கள். முதலாமவர் தலைப்பில் 'வினாத்தாள்' என்று அச்சடித்திருந்தார். பிள்ளைகள் உடனே பேனாவை மாற்றி, ஓரம் விட்டு, பெயரும் வரிசை எண்ணும் எழுதிவிட்டு, "எத்தனை மார்க் சார்?" என்று கேட்டார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று அவர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பெயரில்லாத தாளுக்குச் சுழியம்தான் என்று நாங்கள்தானே பழக்கியிருக்கிறோம்.

'மற்ற மாணவர்களைப் போலவே எனக்கும் ஆசிரியர் உதவுகிறார்' என்ற கூற்றுக்கு என் மாணவன் ஒருவன் 'இல்லை' என்று குறித்ததைப் பார்த்து எனக்கு வருத்தம்தான். பிறகு கேட்டேன். அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமம் என்பதால் மாலையில் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து வந்தேன். "எனக்கு நீங்க மத்தவங்களவிட அதிகமாத்தானே சார் சொல்லித் தர்றீங்க" என்றான்.

மீண்டும் தொடக்கப் பதிவை எழுதியவர்

ஐயா, உங்கள் மாணவனின் பதிலைப் படித்த பிறகு சமநடத்தையைப் பற்றிய எட்டுக் கூற்றுகளையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். அவற்றில் பல 'அதே அளவு' என்ற ஒப்பீட்டின் மீது நிற்பவை. தமிழில் அதைப் பிசகில்லாமல் சொல்லிவிடலாம். சொன்னால் அவன் மறுபடியும் 'இல்லை' என்றுதான் குறிப்பான், நானும் அதை அநீதி என்று கணக்கிடுவேன்.

'தனிப்பட்ட அக்கறை'யை 'நான் எப்படி இருக்கிறேன் என்று ஆசிரியர் விசாரிப்பார்' என்று மாற்றினேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை. 'இந்த வகுப்பில்' என்பதெல்லாம் 'அறிவியல் பாடவேளையில்' ஆயிற்று. 'ஆசிரியர்' என்பது 'அறிவியல் ஆசிரியர்' ஆயிற்று. 'ஆய்வு' நீங்கி 'நானே செய்து பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்' வந்தது. வவுனியா அம்மா சொன்ன 'அடிக்கடி'க்குத்தான் விடை கிடைக்கவில்லை. ஐந்து பாடவேளையில் எத்தனை தடவை என்று கேட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் விரல் விட்டு எண்ணித் தெளிவாகக் குறித்தார்கள். என் நெறியாளர் அதை ஏற்கவில்லை. பதில் நிலைகளை மாற்றிவிட்டால் தைவானோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒப்பிட முடியாது, அது வேறு வினாநிரல் ஆகிவிடும் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். இப்போதைக்கு இரண்டு வடிவங்களையும் அச்சடித்து, பாதி வகுப்புக்கு ஒன்று, மறுபாதிக்கு மற்றொன்று என்று கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தாள்களை உறையில் போட்டு ஒட்டி, பிள்ளைகளே என்னிடம் கொண்டுவந்து தருகிறார்கள். அந்த நேரத்தில் அறையில் வேறு யாரும் இருப்பதில்லை.