1971 பிரிட்டன் தபால் ஸ்டிரைக் உறைகளும் தனியார் தபால்தலைகளும்: எது அசல்?

அஞ்சல்பேழை:
வணக்கம். ஒரு பழைய சேகரிப்பு மொத்தமாக விலைக்கு வந்திருக்கிறது. அதில் 15 பிப்ரவரி 1971 முத்திரையுள்ள பிரிட்டன் முதல் நாள் உறை (புதிய தலைகளை ஒட்டி, அவை வெளியான நாளின் முத்திரை குத்திய கவர்) ஒன்று. 12 தலைகள், கூடவே 'போஸ்டிங் டிலேய்ட் பை த போஸ்ட் ஆபீஸ் ஸ்டிரைக் 1971' (தபால் ஸ்டிரைக்கால் தாமதம்) என்ற வாசகம். அடுத்து, ஸ்டிரைக் சமயத்தில் தனியார் வெளியிட்ட தலைகள், ஒரு கவரிலும் ஒட்டாமல் உதிரியாகப் பத்து. கடைசியாக, தனியார் தலையும் பெல்ஜியம் தலையும் சேர்ந்து ஒட்டிய கவர். விற்பவர் முதல் உறைக்குத்தான் அதிக விலை சொல்கிறார். எதை வாங்கலாம்? கவரில் உள்ளதை நனைத்துப் பிரிக்கலாமா?

பல்சக்கரம்:
விலை தலைகீழாக இருக்கிறது ஐயா. அந்த வாசகம் அபூர்வம் அல்ல, அந்த நாளின் உறைகளில் சாதாரணமாக இருப்பதுதான். ஜனவரி 20 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் மார்ச் 8 அன்று ஊழியர்கள் திரும்பியதோடு முடிந்தது. நடுவில் பிப்ரவரி 15 அன்று நாணயம் பழைய ஷில்லிங் கணக்கிலிருந்து தசம முறைக்கு (ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ்) மாறியது. புதிய தலைகளின் வெளியீட்டு நாளும் அதுவே. ஆள் இல்லாததால் உறைகள் தேங்கின. பிறகு பிப்ரவரி 15 தேதியிட்டே முத்திரை குத்தி, தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். அதைவிடத் தேடத் தக்கது, திறந்திருந்த சிறு கிளை அலுவலகத்தில் அன்றே குத்திய சாதாரண வட்ட முத்திரை உள்ள உறை.

12 தலைகளையும் கூட்டிப் பாருங்கள்: ½, 1, 1½, 2, 2½, 3, 3½, 4, 5, 6, 7½, 9 பென்ஸ், மொத்தம் 45½. சிறிய அளவு 10 பென்ஸ் தலை இருந்தால் உறை தவறு, அது ஆகஸ்டில்தான் வந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் முதலிய வட்டாரத் தலைகள் ஜூலை 7 அன்று வந்தவை, அவையும் கூடாது. 3 பென்ஸில் பாஸ்பர் பட்டை (தபால் பிரிக்கும் இயந்திரத்துக்காகத் தலையில் பூசிய, புற ஊதா ஒளியில் ஒளிரும் கோடு) இரண்டு இருக்க வேண்டும். நடுவில் ஒரே பட்டை என்றால் அது 1973 அச்சு. 2½ பென்ஸில் மட்டும் ஒற்றைப் பட்டை சரி. ரூபாய் நோட்டு பார்க்கும் சாதாரண ஊதா டார்ச்சில் இந்தப் பட்டை சரியாகத் தெரியாது, 254 நானோமீட்டர் குற்றலைப் புற ஊதா விளக்கு வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த விளக்கைப் பார்க்காதீர்கள். விளக்கே இல்லையென்றால் தபால்தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள், பட்டை மங்கலாகத் தெரியும்.

நீலஉறை:
தனியார் தலைகளைப் பற்றி. ஸ்டிரைக் காலத்துக்கு மட்டும் அஞ்சல் துறையின் ஏகபோகத்தை அரசு தளர்த்தியது. பலர் கூரியர் தொடங்கினார்கள். உண்மையில் கடிதம் சுமந்தவர்களும் உண்டு, சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காக மட்டும் தலை அச்சடித்தவர்களும் உண்டு. உதிரித் தலையை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். அதனால் அந்தப் பத்துக்கும் சேர்த்துச் சொற்ப விலை கொடுங்கள், போதும்.

பெல்ஜியம் கவர்தான் இந்த மூட்டையின் சரக்கு. வெளிநாட்டுக் கடிதங்களைக் கடல் தாண்டி எடுத்துப் போய், அந்த நாட்டுத் தலை ஒட்டி அங்கே தபாலில் போட்டார்கள். கூரியர்க்காரர் தன் முத்திரையை எப்போது வேண்டுமானாலும் குத்தலாம், பெல்ஜியம் அஞ்சல் முத்திரை அப்படியல்ல. அதன் தேதி ஜனவரி 20க்கும் மார்ச் 8க்கும் இடையில் இருக்கிறதா, முகவரி பிரிட்டனுக்கு வெளியே உள்ளதா, முத்திரை தலையிலும் கவரிலும் தொடர்ச்சியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தனியார் தலையில் விலை ஷில்லிங்கிலா தசமத்திலா என்பதும் துப்புத்தான்: ஜனவரி தேதியில் தசம விலை மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

நனைக்கவே கூடாது! அவசரத்தில் அச்சான தலைகள் இவை. சிலவற்றின் மை தண்ணீரில் கரையும். மை தப்பினாலும், பிரித்தெடுத்த பின் கையில் இருப்பது இன்னொரு உதிரித் தலைதான், பயணித்ததற்கான சாட்சி கவரோடு போய்விடும்.

கோந்துக்குப்பி:
வைக்கும் முறையும் முக்கியம். பிவிசி உறையில் போடாதீர்கள், அதன் பிளாஸ்டிக் கசிந்து மையைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது. கோந்துள்ள உதிரித் தலைகளைக் கிளாசின் தாளுக்கு (வழவழப்பான மெல்லிய தாள்) நடுவே தளர்வாக வையுங்கள். ஆல்பங்களை அடுக்கிப் பாரம் ஏற்றினால் நம் ஊர் ஈரத்தில் கோந்து தாளோடு ஒட்டிவிடும். நிமிர்த்தி வையுங்கள், சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தனியார் தலை மட்டும் உள்ள பக்கம் வேலைநிறுத்தத்தின் கதையைச் சொல்லாது, அது கூரியர்க்காரர் பக்கம் மட்டுமே. 15 முதல் 20 சதவிகிதம் சம்பள உயர்வு கேட்ட அஞ்சல் ஊழியர்களுக்கு 8 சதவிகிதம்தான் தருவதாகச் சொன்னார்கள். சங்கத்திடம் போதிய நிதி இல்லை, தொலைபேசியும் ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்டிரைக்கின் நெருக்கடி குறைந்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் 47 நாள் தாக்குப்பிடித்தார்கள். அவர்கள் பக்கத்தைக் காட்ட, 'சேவை நிறுத்தம்' என்று குத்தி அனுப்பியவருக்கே திரும்பிய வெளிநாட்டுக் கடிதங்களைத் தேடுங்கள். தபால் உண்மையிலேயே நின்றது என்பதற்கு அவைதான் சான்று. பிரிட்டன் முகவரி, அந்த வாரங்களின் தேதி, திருப்பிய முத்திரை மூன்றும் ஒரே கவரில் இருந்தால் விடாதீர்கள்.

அஞ்சல்பேழை:
நன்றி. பெல்ஜியம் முத்திரையில் 1971 பிப்ரவரி 11 என்று இருக்கிறது, முகவரி கொழும்பு. தனியார் தலையில் விலை ஷில்லிங்கில்தான்.

நீலஉறை:
அப்படியென்றால் அதை முதலில் பேசி முடியுங்கள். பின்பக்கம் கொழும்பு வந்துசேர்ந்த முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டாலும் குறையில்லை.