மலருக்குப் பெயர் சேர்க்கிறவர்களுக்கு: கல் இல்லாமல் கிடந்த ஓர் ஐரிஷ் தாய்

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரின் சிறப்பு மலரில் ஊர்ப் பெரியார்களின் வரலாறு போடுவது பற்றி ஆளுக்காள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதிபர்மார், தருமகர்த்தாமார், தபாலதிபர், பரியாரியார் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு பெண்ணின் பெயரும் அதில் இல்லை. சண்டை பிடிக்க வரவில்லை (பிடித்தாலும் பிழையில்லை). நான் இருக்கிற நியூயோர்க்கில் ஓர் ஐரிஷ் தாய்க்கு நடந்ததைச் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன்.

1892 ஜனவரி 1. எலிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறந்த நாள். அன்று முதலாவதாகப் பதியப்பட்டவர் ஆனி மூர், அயர்லாந்தின் கோர்க் நகரத்துப் பிள்ளை. தாய் தகப்பன் முன்னமே வந்து மன்ஹட்டனில் மொன்றோ தெருவில் இருந்தார்கள். ஆனி இரண்டு தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் குயின்ஸ்ரவுண் என்று பெயர் கொண்டிருந்த கோவ் துறைமுகத்தில் ‘நெவாடா’ கப்பலின் அடித்தட்டில் ஏறினார். நத்தார் கடலிலேயே போயிற்று. வயது 17. பத்திரிகைக்காரர் 15 என்றும், இறங்கிய அன்றே பிறந்தநாள் என்றும் எழுதிவிட்டார்கள். கதைக்கு அது வடிவாக இருந்திருக்கும். ஆணையாளர் ஜோன் வெபர் 10 டொலர் தங்கக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தார். 1954இல் மூடப்படும்வரை அந்தத் தீவு வழியாக ஒரு கோடி இருபது இலட்சம் பேரளவில் வந்தார்கள். அவர்களில் முதல் ஆள் என்பதால் ஆனிக்குக் கோவ் துறைமுகத்தில் ஒரு சிலை, எலிஸ் தீவில் ஒரு சிலை. இரண்டும் ஜீன் றைன்ஹார்ட் செய்தவை, இரண்டும் 1993இல் வைக்கப்பட்டவை.

தங்கக் காசுப் பகுதியை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு இருந்த முப்பத்திரண்டு வருசம்தான் எனக்குப் பெரிது.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் செத்து, அதற்குக் குறையாத தொகை கப்பலேறிய நாடு அயர்லாந்து. பஞ்சம் முடிந்தும் போவது நிற்கவில்லை. மற்ற ஐரோப்பிய நாடுகளில் ஆம்பிளைகள் முன்னுக்குப் போக, ஐரிஷ்காரரில் மட்டும் கலியாணம் கட்டாத இளம் பெண்கள் ஏறக்குறைய ஆண்களின் அளவுக்கே போனார்கள். வெளிக்கிடுவதற்கு முதல்நாள் இரவு வீட்டில் விடியும்வரை சனம் கூடி, பாட்டும் அழுகையுமாக ஒரு உயிருள்ள ஆளுக்குச் செத்தவீடு நடத்துவார்கள்; திரும்பிப் பார்க்கக் கிடைக்காது என்று இரு பகுதிக்கும் தெரியும். போன பெண் பணக்கார வீட்டில் சமையலுக்கும் துடைப்புக்கும் நின்று காசு அனுப்பித் தங்கச்சியை எடுப்பாள். தங்கச்சி அடுத்தவளை எடுப்பாள். இந்த முறையை எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனி கீழ் மன்ஹட்டனின் கிழக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். ஜேர்மன் வழிவந்த ஜோசப் ஷாயர் என்ற பேக்கரி எழுதுவினைஞரைக் கட்டினார். பத்துப் பதினொரு பிள்ளைகள் பெற்றார். வளர்ந்து ஆளானது ஐந்துதான்.

அந்த வரியை நான் கடந்து போகமாட்டேன். பாதிக்குக் குறையாமல் பிள்ளைகளைப் புதைத்த தாய். அந்தப் பக்கத்து வாடகைக் கட்டடங்களில் உள் அறைகளுக்கு ஜன்னல் இல்லை. கழிப்பறை பின்வளவில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. புதுக் கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறையும் ஒவ்வொரு அறைக்கும் ஜன்னலும் வேண்டும் என்று சட்டம் வந்ததே 1901இல். கோடை வந்தால் பால் பழுதாகி, குழந்தைகள் வயிற்றோட்டத்தில் போய்க்கொண்டிருந்தன. நேதன் ஸ்ட்ரோஸ் என்ற கடைமுதலாளி 1893இல் அந்தப் பக்கத்தில்தான் கிருமி நீக்கிய பாலை மலிவாக விற்கத் தொடங்கினார். ஏழைத் தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று பிறகுதான் நகரத்துக்கு விளங்கியது. அப்படியான தெருக்களில், ஒரு பேக்கரிச் சம்பளத்தில், திரும்பத் திரும்பத் தொட்டில் கட்டி ஐந்தைக் கரைசேர்த்ததை நான் சாதாரண வேலையாக எண்ணமாட்டேன். 1924இல் இதயம் நின்று இறந்தபோது வயது 50. வந்திறங்கிய காலத்துத் தெருக்களை விட்டு அவர் பெரிதாக எங்கும் போகவில்லை.

இனி வெட்கக்கேடான பகுதி. இந்த மனுசி இறந்து பல வருசத்துக்குப் பிறகு, “முதல் ஆள் எங்கள் அம்மாதான்” என்று ரெக்சாஸில் ஒரு குடும்பம் சொன்னது. அதே பெயர் கொண்ட அந்த ஆனி மூர் மேற்கே போனவர், அயர்லாந்தின் பெரிய தலைவர் டானியல் ஓகொனலின் வழிவந்தவரைக் கட்டியவர், 1923இல் தண்டவாள வண்டி மோதி இறந்தவர். எல்லாரும் நம்பினார்கள். விழாக்களுக்கு அந்தச் சந்ததியை அழைத்தார்கள். அந்தக் குடும்பம் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வீட்டில் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மேற்கே போய், பெரிய இடத்தில் கட்டி, விபத்தில் இறந்த கதை, கீழ் மன்ஹட்டனில் மீன் சந்தைப் பக்கத்து மாடியில் பிள்ளை பெற்றுப் பிள்ளை புதைத்த கதையைவிட எடுப்பாக இருந்தது என்பதுதான் என் சந்தேகம்.

வம்சவழி ஆராயும் மேகன் ஸ்மோலன்யாக் என்பவர் ரெக்சாஸ் அம்மாவின் பதிவுகளைப் பார்த்தார். அவர் பிறந்த இடம் இலினோய் என்று இருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த ஆள் எப்படிக் கப்பலில் வந்திறங்குவது? 2006இல் உண்மையான ஆனியைக் கண்டுபிடிப்பவருக்கு 1,000 டொலர் தருவதாக இணையத்தில் அறிவித்தார். சில கிழமைக்குள் பிடி கிடைத்தது. நியூயோர்க் நகரப் பதிவேடுகளுக்குப் பொறுப்பாக இருந்த பிரையன் அன்டர்சன், கூட வந்த தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரத்தைக் கண்டெடுத்தார். அந்த நூலைப் பிடித்துப் போக, ஆனியும் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் வெளிப்பட்டார்கள். ஐரிஷ், யூத, இத்தாலிய, ஸ்கண்டிநேவியக் குடும்பப் பெயர்களோடு இருந்தார்கள். பலருக்குத் தங்கள் கிழவிதான் அந்தச் சிலையில் நிற்பது என்று தெரியாது.

கவனியுங்கள், பத்திரம் தம்பியின் பெயரில்தான் இருந்தது. ஆனி கலியாணம் கட்டியதும் மூர் என்ற பெயர் போய் ஷாயர் ஆனது. தம்பி சாகும்வரை மூர்தான்.

குயீன்ஸில் இருக்கிறவர்கள் கோஸியஸ்கோ பாலத்தால் போகும்போது கல்வறிச் சேமக்காலையைக் கண்டிருப்பீர்கள். இலட்சக்கணக்கான கல்லறைகள், பின்னால் மன்ஹட்டன் மாடங்கள். ஆனி அங்கேதான் இருக்கிறார், சின்னனிலேயே போன பிள்ளைகள் சிலரோடு. 2008வரை அந்தக் குழிக்கு ஒரு கல்கூட இல்லை. அயர்லாந்திலிருந்து சுண்ணக்கல் கொண்டுவந்து, கெல்ற்றிக் சிலுவை செதுக்கி, அந்த வருசம் ஒக்ரோபரில் நட்டார்கள். இறந்து எண்பத்து நாலு வருசம்.

இனி நான் கேட்க வந்தது. மலரில் பெண்களுக்கென்று நாலு பக்கம் ஒதுக்குங்கள். பெரிய சாதனை ஒன்றும் வேண்டாம். உங்கள் அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, ஆராயினும் சரி: சொந்தப் பெயர், தகப்பன் பெயர், எந்தக் குறிச்சியில் பிறந்தவர், எங்கே கட்டிக் கொடுத்தது, பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை, எங்கே இறந்தார். “இன்னாரின் மனைவி” என்று மட்டும் அனுப்ப வேண்டாம். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்றால் இரண்டையும் எழுதுங்கள். படம் இல்லாவிட்டால் பரவாயில்லை. இடம்பெயர்ந்தபோது பதிவுகளைத் தொலைத்த வீடுகள் பல. அதனால் ஊரில் இன்னும் இருக்கிற வயதானவர்களிடம் இப்போதே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். இரவு ஏழுக்குப் பிறகு எடுத்தால் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சரியாகப் பதில் வராது. காலையில் எடுங்கள்.

மலர்க் குழுவில் ஆர் இதைப் பொறுப்பெடுப்பது என்று முடிவுசெய்து எழுதுங்கள். ஆளில்லை என்றால் தட்டச்சு வேலையை நான் செய்கிறேன்.

அன்புடன்,
வாத்தியார் வீட்டு மூத்த பேத்தி
(வாத்தியாரின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. அவரின் மனுசி, எங்கள் அப்பம்மா, ஒன்பது பெற்று ஆறு வளர்த்தவர். முதல் பதிவாக அவரை அடுத்த மடலில் அனுப்புகிறேன்.)