கல்லூரி ஸ்ட்ரெங்த் கோச் வேலை: நம்பி இறங்கலாமா?

ஒமாஹா குமரன்:
தங்கை மகன் இங்கே அமெரிக்காவில் கினீசியாலஜி (உடல் இயக்க அறிவியல்) முதுகலை முடிக்கப்போகிறான். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச், அதாவது ஆட்டக்காரர்களின் உடல் வலிமையையும் தாக்குப்பிடிக்கும் திறனையும் வளர்க்கும் பயிற்சியாளர், ஆக வேண்டுமாம். "ஜிம் மாஸ்டர் ஆகவா இவ்வளவு செலவு?" என்று ஊரில் அவன் தாத்தா கத்துகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரும்புப்பட்டறை:
தாராளமாகப் போகட்டும் சார். நீங்கள் இருக்கும் நெப்ராஸ்காவில்தான் இந்த வேலையே பிறந்தது. முதுகில் அடிபட்ட போல்வால்ட் வீரர் பாய்ட் எப்லி எடை தூக்கித் தேறிவருவதைப் பார்த்து, 1969இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்குப் பயிற்சி கொடுக்க எடுத்துக்கொண்டார்கள். எடை தூக்கினால் ஆட்டக்காரன் மந்தமாகிவிடுவான் என்று கோச்சுகள் நம்பிய காலம் அது. யாராவது வேகம் குறைந்தால் உன் வேலை போய்விடும் என்றுதான் தலைமைக் கோச் டெவானி சேர்த்துக்கொண்டாராம். 1970, 71 இரண்டு வருடமும் நெப்ராஸ்காதான் தேசியக் கல்லூரி சாம்பியன். 1978இல் எப்லி இந்தத் தொழிலுக்கென்று தேசியச் சங்கமே தொடங்கினார். அயோவா பல்கலைக்கழக அணியின் ஸ்ட்ரெங்த் கோச் கிறிஸ் டாய்ல் வருடம் 8 லட்சம் டாலர் வாங்கினார். தாத்தாவிடம் அதைச் சொல்லுங்கள்.

வெயிலான்:
டாய்லின் சம்பளத்தைச் சொன்னீர்கள், மீதியை யார் சொல்வது? 2011 ஜனவரியில், விடுமுறை முடிந்து வந்த பையன்களுக்கு அயோவாவில் கொடுத்த பயிற்சி: தூக்கக்கூடிய எடையில் பாதியைத் தோளில் வைத்து 100 ஸ்குவாட், அதுவும் நேரம் பார்த்து. தசை சிதைந்து சிறுநீர் பழுப்பாகப் போய் 13 பேர் ஆஸ்பத்திரியில். சில மாதத்தில் தலைமைக் கோச் அந்த டாய்லுக்கே சிறந்த உதவிக் கோச் விருது கொடுத்தார்!

2018இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஃபுட்பால் வீரன் ஜோர்டன் மெக்நேர், 19 வயது, ஓட்டப் பயிற்சியில் வெப்பத்தாக்கு வந்து இறந்தான். குளிர்ந்த நீரில் உடனே அமிழ்த்தியிருக்க வேண்டும், செய்யவில்லை.

இரும்புப்பட்டறை:
அமிழ்த்துவது மருத்துவப் பணியாளர் வேலை, ஸ்ட்ரெங்த் கோச்சுடையது இல்லை. தவிர, இப்போது கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான முதல் டிவிஷனில் முறையான சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

வெயிலான்:
பையன் தள்ளாடும்போது ஓட்டத்தை நிறுத்துவது யார் வேலை? சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வேலைக்கு எடுப்பதும் தூக்குவதும் தலைமைக் கோச் என்றால்? அவர் 'இன்னும் கடுமையாக' என்பார், இவன் தலையாட்டுவான். அவரைத் துரத்தினால் இவனும் பெட்டி கட்ட வேண்டியதுதான். விடிவதற்கு முன்பே எழுந்து உழைத்ததெல்லாம் கணக்கில் வராது.

பேட்மிண்டன் ரவி:
இருவருமே ஃபுட்பாலை விட்டு வெளியே வரமாட்டீர்களா? நீச்சல், வாலிபால், டிராக் அணிகளுக்கும் இதே வேலை உண்டு. பெரும்பாலும் கல்லூரி விளையாட்டுத் துறையின் ஆளாகத்தான் இருப்பார்கள், ஒரு கோச் போனால் கூடவே போக வேண்டியதில்லை. சம்பளம் குறைவு, அது உண்மை.

இரும்புப்பட்டறை:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபுட்பால் ஆசையோடு வந்தவனை நீச்சல் குளத்துக்கு அனுப்பினால் நிற்பானா?

ஒமாஹா குமரன்:
அவனிடமே கேட்டேன். நீச்சலா என்று முகம் சுளித்தான். சரி, இன்டர்வியூவில் அவன் கேட்க வேண்டியது என்ன?

வெயிலான்:
அண்ணே, ஒன்றே ஒன்று. பயிற்சியை நிறுத்தச் சொல்லி மருத்துவர் ஒரு பக்கமும், தொடரச் சொல்லி தலைமைக் கோச் மறுபக்கமும் நின்றால் யார் பேச்சு எடுபடும் என்று கேட்கட்டும். மழுப்பினால் கிளம்பிவிடச் சொல்லுங்கள்.